மூட்டை எந்திரிக்க மாட்டான்

கதவு தம்பி, கதவு! கோட்டைக் கதவு இல்ல, இரும்புக் கதவு இல்ல. சாதா மரக்கதவு. பூட்டு கூட இல்ல. அதத் தள்ளித் தொறக்க முடியல அவனால! தள்ளுறான்... தள்ளுறான்... மூச்சு வாங்குது, தோள்பட்ட எறங்கிப்போச்சு, கதவு அசையல. அப்புறம் என் மகன் வந்து ஒத்த வெரலால தள்ளினான், தொறந்துருச்சு. எனக்கு எப்பிடி இருந்திருக்கும், சொல்லுங்க?

யாரா? மூட்டை தம்பி, மூட்டை. நம்ம ஆளு. நெசமான ஆளு இல்ல... அய்யே, அப்பிடிப் பாக்காதீங்க, எனக்குப் புத்தியெல்லாம் சரியாத்தான் இருக்கு. வெளையாட்டு அது. சொல்றேன், சொல்றேன். மொதல்ல நீங்க அந்தத் துணிய இறுக்கிக் கட்டுங்க. பூப்போட்டதா இருந்தா என்ன? டாக்டரம்மா வீட்டு ஜன்னலுக்கு வெட்டி வச்சது, அழுக்காக்கிறாதீங்க. உங்க பேண்ட்டு இதோ, மெஷின்ல ஏறிருச்சு. ரெண்டு நிமிசம்.

ஷூ கயிறு கட்டக் குனிஞ்சேன், டர்ருன்னு போச்சுன்னீங்கல்ல? போகத்தான் செய்யும்! உக்கார்ற எடத்துல போயி அறுவது நம்பர் நூல ஓட்டி வச்சிருக்கான் பாருங்க, சிலந்தி இழை மாதிரி. நூலுக்கு நம்பர் ஏற ஏற மெல்லிசு தம்பி, கொறையக் கொறையத்தான் தடிமன். இந்த எடத்துக்கெல்லாம் முப்பது போடணும். நான் போட்டுத் தர்றேன். நீங்க குனிங்க, நிமிருங்க, குட்டிக்கரணம் போடுங்க, துணி கிழியுமே ஒழிய என் தையல் பிரியாது.

எங்க விட்டேன்? ம்... மூட்டை.

அதாவது, வாராவாரம் எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில ஒரு கதை நடக்கும். மருமகதான் நடத்துறா. 'ஒரு காடு, காட்டுக்குள்ள ஒரு கோட்டை, கோட்டைக்குள்ள ஒரு பூதம்'னு அவ சொல்லிக்கிட்டே போவா. நம்ம ஒவ்வொருத்தரும் அந்தக் கதைக்குள்ள ஒரு ஆளு. மகன் வாள்வீரன். நெசத்துல கரப்பானப் பாத்தா நாற்காலி மேல ஏறி நிப்பான், அங்க வாள்வீரன்! மேல் வீட்டு மருந்துக்கடைக்காரரும் வருவாரு, அவரு திருடன். பாவம், நாள் பூரா சில்லறையச் சரியா எண்ணிக் குடுக்கிற மனுசன், வாரத்துல ஒரு நாளு திருடிக்கட்டும். நான் மூட்டை. மலைக்குள்ள வாழுற குட்டையான, கட்டையான ஆளு. நல்ல கனம். பேரு மருமக வச்சது. கீழ வச்சா வச்ச எடத்துலயே கெடக்கானாம்.

நம்ம ஆளு என்ன செய்யறான்னு நம்ம வாயால சொல்லணும். கதவத் தள்ளுறான்... சொவத்துல ஏறுறான்... இப்பிடி. அப்புறம் ஒரு பகடைய உருட்டணும். இருவது மூஞ்சி அதுக்கு! விழுற நம்பரையும் ஆளோட பலத்தையும் பாத்து, நடந்துச்சா இல்லையான்னு மருமக சொல்லுவா. மத்தவங்க ஆளுக்கெல்லாம் எல்லாமே பத்து, பன்னெண்டுன்னு அளவா இருக்கு. மூட்டைக்குப் பலம் மூணு. கைகால் சுறுசுறுப்பு நாலு. அடி தாங்குறது மட்டும்... பதினெட்டு!

அதுதான் கூத்து. ஒரு வாளித் தண்ணி தூக்க மாட்டான். சமதரையில தடுக்கி விழுவான். கழுதை மேல இந்தப் பக்கம் ஏத்திவிட்டா அந்தப் பக்கம் எறங்கிருவான். ஆனா சாக மாட்டான் தம்பி! நாலு மாடி ஆழக் கெணத்துல விழுந்தான். நேராவாவது விழுந்தானா? ஒவ்வொரு படியையும் விசாரிச்சுக்கிட்டே விழுந்தான். மருமக கணக்குப் போடுறா, போடுறா, மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு என்னப் பாக்குறா... 'அத்தை... மூட்டை எந்திரிச்சுத் துணியத் தட்டிக்கிறான்'ங்கறா! ஒரு சூனியக்காரி வெசக் காளான்ல கஞ்சி வச்சுக் குடுத்தா. குடிச்சிட்டு 'உப்பு கம்மி'ன்னான். நான் இல்ல, அவன் சொன்னான். சரி, நான்தான் சொன்னேன். ஒரு ராட்சசன் ஏறி மிதிச்சான். மிதிச்சவன் நொண்டிக்கிட்டே போனான்.

மாமியாரக் கொல்றதுக்கு மருமக வாராவாரம் பாடுபடுறான்னு மருந்துக்கடைக்காரருக்கு ஒரே சிரிப்பு. அவளும் சேந்து சிரிக்கிறா. பகடைய எங்கிட்ட நீட்டி, 'உருட்டுங்க அத்தை, இந்தத் தடவ உங்க கதை முடிஞ்சுது'ங்கறா. கொழுப்பப் பாருங்க!

எங்க எட்டிப் பாக்குறீங்க? பஸ்ஸா? வரும், வரும். வெளிய நிக்கறீங்களா? எப்பிடிப் போவீங்க? இந்தக் கடையோட அகலமே என் மெஷினும் நானும்தான். வாசல்ல உக்காந்தாத்தான் வெளிச்சம். நான் எந்திரிச்சாத்தான் உள்ள இருக்கறவங்க வெளிய போகலாம். இப்ப எந்திரிச்சா தையல் கோணிரும். நில்லுங்க, பேண்ட்டு இல்லாம எங்க போகப் போறீங்க?

இப்ப என் கவல பூரா இன்னைக்குச் சாயந்தரந்தான்.

போன வாரம் ஒரு குகைக்குள்ள போனோம். மகன் முன்கூட்டியே சொன்னான், 'அம்மா, உன் ஆள எதையும் தொட வேணாம்னு சொல்லு.' தொடல தம்பி. சத்தியமாத் தொடல. கால் தடுக்குச்சு. தரையில ஒரு ஓட்டை, அத மூடி ஒரு பலகைக் கல்லு. 'உங்க கடை ஸ்டூல் அகலம் இருக்கும் அத்தை'ன்னு மருமகளே சொன்னா, எனக்குப் புரியணுமாம். அது மேல தொப்புன்னு விழுந்தான் பாருங்க, கல்லு சுக்குநூறு. கீழருந்து பீச்சுது தண்ணி! அந்தச் சத்தத்துல ஒரு பூதம் முழிச்சுக்கிட்டு, வாயத் தொறந்து ஒரு புகை விட்டுச்சு. மயக்கப் புகை. மகன் விழுந்தான். மருந்துக்கடைக்காரரு விழுந்தாரு. மூட்டை ரெண்டு தடவ இருமினான், அவ்வளவுதான். பூதம் வேலை முடிஞ்சுதுன்னு திரும்பிப் படுக்கப் போயிருச்சு.

இப்ப யோசிங்க. ரெண்டு பேரும் மல்லாக்கக் கெடக்காங்க. காது வரைக்கும் தண்ணி. மயக்கம் தெளிய நேரமாகும், அதுக்குள்ள மூக்குக்கு வந்துரும். நிக்கிறது மூட்டை ஒருத்தன். மகனோட காலப் புடிச்சு இழுத்தான், பூட்ஸ் மட்டும் கையோட வந்துச்சு. கயிறு கட்டி இழுக்கலாம்னு பாத்தான், தன் கையையும் சேத்துக் கட்டிக்கிட்டான். வேற கல்லு எடுத்து ஓட்டைய மூடலாம்னா, கல்லு எந்திரிக்கவே இல்ல. சரியா அந்த நேரம் பாத்து மருமக, 'மிச்சம் அடுத்த வாரம். நல்லா யோசிச்சிட்டு வாங்க அத்தை'ன்னு பகடையப் பையில போட்டுட்டா.

அந்தப் பை நான் தச்சதுதான். வெல்வெட்டு. உள்ள பகடைக்கு ஒரு அறை, பென்சிலுக்கு ஒரு அறை. கேட்டாளா? கேக்கல. துணி மிச்சம் கெடந்துச்சு, தச்சேன். அதுக்கு ஒண்ணும் அர்த்தம் கெடையாது.

அன்னைக்குப் பாத்திரம் கழுவுறப்ப சொல்றா, 'அவங்க ரெண்டு பேரும் செத்துட்டா இத்தோட நிறுத்திக்கலாம் அத்தை. எனக்கும் வேலை நேரம் மாறுது, புதுசா ஆரம்பிக்க யாருக்கு நேரமிருக்கு?' மகனும் ஆமாம்ங்கறான். நல்லதாப் போச்சுன்னேன். எனக்கென்ன? தைக்கிறதுக்கா பஞ்சம்?

இந்த வெளையாட்டு வர்றதுக்கு முன்னாடி எங்க வீட்ல யாரு சாப்பிட்டா, யாரு சாப்பிடலன்னு தொட்டியில கெடக்கிற தட்டப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன். 'கேஸ் மூடியாச்சா?' 'ஆச்சு.' 'சாவி?' 'ஆணியில.' முடிஞ்சுது பேச்சு. சண்ட கூட கெடையாது தம்பி. சண்ட போடறதுக்கும் ரெண்டு பேரு ஒரே நேரத்துல வீட்ல இருக்கணும்ல? மறுபடி அப்பிடியே இருந்துட்டுப் போறோம். பழகுனதுதானே...

இந்தா, இந்த ஓரத்துலயும் ஒரு ஓட்டு ஓட்டிர்றேன். கெட்டியா இருக்கட்டும்.

என்னது? பலத்துக்கு யாரு மூணு குடுத்ததா? அது... யாரும் குடுக்கல. அவங்கவங்க போட்டுக்கறதுதான்.

சரி, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க இந்தப் பக்கத்துக்கே புதுசு. மொத நாளு மருமக அவங்கவங்களுக்குப் பகடையில விழுந்த நம்பரெல்லாம் எழுதிக் குடுத்து, 'எது எதுக்குன்னு நீங்களே போட்டுக்கோங்க அத்தை'ன்னா. நான் என்னத்தக் கண்டேன்? இந்த மெஷின விட்டா எனக்கு வேற ஒலகம் தெரியுமா? நம்பர் கொறஞ்சா தடிமன், இழுத்தாலும் அறாது. ஏறினா மெல்லிசு, பட்டுனு போயிரும். நூலுக்கு அப்பிடித்தானே? அதான் பலத்துக்கு மூணு, கைகாலுக்கு நாலுன்னு இருக்கறதுலயே நல்லதாப் பொறுக்கிப் போட்டேன். அந்தப் பதினெட்ட என்ன செய்யறது? ஒண்ணுக்கும் ஆகாத நம்பராச்சேன்னு அடி தாங்குறதுல கொண்டு போயித் தள்ளிட்டேன். அவ்வளவு பலசாலிய எவன் அடிக்கப் போறான்னு!

அவ கேட்டா, 'நெசமாவா அத்தை?' 'தையல்காரிக்கே நம்பர் சொல்லித் தர்றியா'ன்னேன். அப்புறம் அந்தக் கதவு தொறக்கலையே, அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, அங்க நம்பர் ஏற ஏறத்தான் பலம்னு. 'மாத்திக்கோங்க அத்தை, பரவால்ல'ன்னுதான் சொன்னா. மாத்துவேனா? 'வேணும்னுதான் போட்டேன், இப்பிடியும் ஒருத்தன் இருக்கட்டும்'னுட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. நீங்க வெளிய சொன்னீங்க, பேண்ட்டு கெடைக்காது, ஆமா!

ஏ... ஏ... என்ன பண்றீங்க? மேசை மேல ஏறாதீங்க, இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கு! எறங்குங்க. இந்த இடுக்குலயா? பூனை வரலாம், நீங்க வர முடியாது. அட, தள்ளாதீங்க தம்பி! தள்ளினாலும் அசைய மாட்டேன். எனக்குப் பலமெல்லாம் ஒண்ணும் கெடையாது, ஒரு பக்கெட்டு தூக்கினா இடுப்பு புடிச்சுக்கும். ஆனா உக்காந்துட்டேன்னு வைங்க, நானா எந்திரிச்சாத்தான்... உக்காந்துட்டேன்னா...

தம்பி.

உக்கார்றதுக்கு எதுக்குப் பலம்?

ஓட்டை ஸ்டூல் அகலம். மூட்டையோட பின்பக்கம் ரெண்டு ஸ்டூல் அகலம்! எதையும் தூக்க வேணாம். கட்ட வேணாம். இழுக்க வேணாம். நேராப் போயி அந்த ஓட்டை மேல உக்கார வேண்டியதுதான்! நடுவுல தடுக்கி விழுந்தா? விழட்டுமே, அங்கதானே விழப் போறான், ஒரு தடவ விழுந்த எடம்தானே! கீழருந்து தண்ணி குத்தும். குத்தட்டும். ஐஸ் மாதிரி இருக்கும். இருக்கட்டும். முதுகெலும்பு உச்சந்தலை வரைக்கும் இடிக்கும். இடிக்கட்டும், பதினெட்டு பின்ன எதுக்கு இருக்கு? உருட்டச் சொல்லட்டும் அவ, கை ஓஞ்சு போற வரைக்கும் உருட்டுறேன். மகன் கண்ணு முழிக்கிற வரைக்கும், மருந்துக்கடைக்காரரு கண்ணு முழிக்கிற வரைக்கும், மூட்டை எந்திரிக்க மாட்டான்!

'அத்தை, இன்னுமா உக்காந்திருக்கான்?'னு கேப்பா. 'உக்காந்திருக்கான்'னு சொல்லுவேன். அடுத்த வாரமும் கேக்கட்டும். அதுக்கடுத்த வாரமும் கேக்கட்டும்!

போன் எங்க... போன எங்க வச்சேன்... வேணாம், வேணாம், இப்பவே சொல்லக் கூடாது. கடைய மூடிட்டு நேரா வீட்டுக்குப் போறேன், மேசையத் தொடச்சு வைக்கணும், இன்னைக்குச் சீக்கிரமே உக்கார்றோம். சாவி... அந்தா, தூணுல மாட்டியிருக்கேன். கொஞ்சம் ஒதுங்குங்க தம்பி, எந்திரிச்சுக்கறேன்...

தம்பி? தம்பி! ஏங்க! பேண்ட்டு! உங்க பேண்ட்டு இங்க இருக்கு! அது டாக்டரம்மா வீட்டு ஜன்னலு...! ஜன்னலத் திருப்பிக் குடுங்க...!

ஏறிட்டாரு பஸ்ல.

நல்லா வந்து சேந்தாரு. தச்சு முடிச்ச பேண்ட்ட வாங்கிட்டுப் போகக் கூடப் பொறுமை இல்ல, எப்பிடி... ஆமா, இது என்ன, பேண்ட்டுக் காலுக்குள்ள கை போகல? அடக் கடவுளே. ரெண்டு காலையும் சேத்து ஒண்ணா ஓட்டி வச்சிருக்கேன். முப்பது நம்பர் நூலு வேற. இத இனி பிரிக்கவா முடியும்...

ஆனாலும் என்ன ஓட்டம்! துணி காலச் சுத்தல, படி தடுக்கல, போற பஸ்ஸ ஒத்தக் கையால புடிச்சுத் தாவிட்டாரு. மனுசன் கைகாலுக்கு நல்ல நம்பராப் பாத்துத்தான் போட்டிருக்காரு.