அவர் விழித்திருந்த நாட்கள்

தைப்பிங்கில் மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது. படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில் அது பெரிய தொல்லை, இன்ஸ்பெக்டர். விரிப்புகளை நாற்காலிகளின் மேல் போட்டு, மின்விசிறியை வைத்துக் காயவைப்பேன். அதனால்தான் கடைசிவரை என் கணவரின் முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. "அங்கிள் குடுத்துவச்சவரு ஆன்ட்டி. ஆஸ்பத்திரியில நாங்ககூட இப்படிப் பாத்துக்க மாட்டோம்" என்று சிஸ்டர் நோர்லைலாவே சொல்லியிருக்கிறாள். உங்களிடம் புகார் கொடுத்ததும் அவள்தான் என்று தெரியும். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பெண்.

என் கணவர் பூன் ஹாக் லாரி ஓட்டியவர். கடற்கரையில் மீன் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் போவார். வீட்டுக்கு வந்தால் தூங்குவார், விழித்தால் டிவி பார்ப்பார். கெட்டவர் இல்லை. என்மேல் கை வைத்ததில்லை. வேறு பெண் சகவாசமும் கிடையாது. பேசமாட்டார், அவ்வளவுதான். நான் எதைச் சொன்னாலும் "ம்" என்பார். அந்த "ம்"மோடுதான் குடும்பம் நடத்தினேன், ஒரு மகளைப் பெற்று வளர்த்தேன். லாரியை விட்டு இறங்கிய பிறகாவது பேசுவார் என்று நினைத்திருந்தேன். இறங்கிய வருடமே கணையத்தில் புற்றுநோய் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றும் இல்லை, வலி தெரியாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மார்ஃபின் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து வாயில் விட வேண்டும். நன்றாகக் கசக்கும். சிஸ்டர் வாராவாரம் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிடுவேன், கண்ணைத் திறந்து எங்கேயோ பார்த்துவிட்டு மூடிக்கொள்வார். இப்போது அந்த "ம்"கூட இல்லை. சமைத்து வைத்துவிட்டு அந்த அறையில் உட்கார்ந்திருப்பேன். இவர் ஏற்கெனவே போய்விட்டார், எனக்கு யாரும் சொல்லவில்லை என்று தோன்றும். ஒருநாள் தட்டிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, யாராவது என்னோடு ஒரு வார்த்தை பேசுங்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். நீங்கள் சிரிக்கலாம்.

முதல்முறை நடந்தது தற்செயல்தான். காலையில் மார்க்கெட்டுக்குப் போனவள் மழையில் மாட்டிக்கொண்டேன். திரும்புவதற்குள் மருந்து நேரம் தாண்டிவிட்டது. உள்ளே வந்தால் அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்திருக்கிறார். முகமெல்லாம் வியர்வை.

"கியோக் சூ, எங்க போயிட்ட? பயந்தே போயிட்டேன்."

என்னைக் காணோம் என்று அவர் பயந்ததை அன்றுதான் பார்த்தேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். பேச ஆரம்பித்தார். ஒருமுறை மலைச்சரிவில் லாரி வழுக்கி, பள்ளத்தின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு நின்றதாம். "செத்தா உங்கிட்ட யாரு வந்து சொல்லுவாங்கன்னு நினைச்சேன். நீ வாசல்ல நிப்பியேன்னு நினைச்சேன்" என்றார். பல்லைக் கடித்துக் கடித்துத்தான் சொன்னார். இடையில் மருந்து கேட்டார். கதை முடிந்த பிறகு கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தேன். கொஞ்சநாளில் அந்தத் தாமதம் போதவில்லை. சீன மருந்துக்கடையில் உடம்புச் சூட்டுக்குக் கசப்புத் தேநீர் விற்பார்கள். அதில் தண்ணீர் விட்டு நிறத்தை வெளுக்கவைத்து, மருந்துக்குப் பதிலாக அதே சிரிஞ்சில் எடுத்து, அதே நேரத்துக்குக் கொடுத்தேன். வலியில் இருப்பவர் மௌனமாக இருக்க மாட்டார், இன்ஸ்பெக்டர். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். என் சமையலில் எது பிடிக்கும் என்று கேட்டேன், சொன்னார். பெண் பார்க்க வந்த அன்று நான் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தேன் என்று கேட்டேன், அதையும் சொன்னார். ஒரு மத்தியானம், மூச்சு வாங்கிக்கொண்டே, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சிஸ்டரிடம் அவரே சொன்னார், "மருந்து கேக்க மாட்டேங்குது சிஸ்டர்" என்று.

அவள் என்னைப் பார்த்தாள். "தவறாம குடுக்கறீங்கல்ல ஆன்ட்டி?"

"ஒருவேளைகூடத் தப்பினதில்லம்மா."

அளவைக் கூட்டினார்கள். மறுபடியும் கூட்டினார்கள். "வார்டுல சேத்துப் பாக்கலாமா?" என்று கேட்டாள். "இந்த வீட்டுலதான் கண்ணை மூடணும்னு சொல்லிட்டாரும்மா" என்றேன். அவர் அப்படிச் சொன்னதில்லை. சொல்லக்கூடியவர்தான்.

அந்த வாரம் சிங்கப்பூரிலிருந்து எங்கள் மகள் பெய் ஷான் வந்தாள். அவள் இருந்த நாட்களில் உண்மையான மருந்தையே கொடுத்தேன். கூட்டிய அளவைக் கொடுக்கவில்லை, பழகாத உடம்புக்கு அது ஆபத்து; பழைய அளவுதான். இதிலெல்லாம் நான் கவனமாக இருப்பேன். அவர் நன்றாகத் தூங்கினார். பெய் ஷான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தாள். "அப்பா, நான் வந்திருக்கேம்பா, ஒரு வார்த்தை பேசுங்கப்பா" என்று எத்தனையோ தடவை சொன்னாள். கிளம்பும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். "எங்கிட்ட ஒண்ணுமே பேசலம்மா. பரவால்ல, வலியில்லாம தூங்குறாருல்ல. அது போதும்" என்றாள். அவளுக்கு வேலை, குழந்தைகள், வீடு நிறைய ஆட்கள். எனக்கு இவர் ஒருவர்தான்.

அவள் பேருந்து ஏறிய மத்தியானமே அவருக்குத் தேநீர் கொடுத்தேன். சாயங்காலம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு இருந்தப்ப வலிக்கல. நீ என்ன குடுக்குற?"

"மருந்துதான்."

"கியோக் சூ, நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை, அதுதான் விஷயம் என்று சொல்ல நினைத்தேன். நோயாளியிடம் கடுமையாகப் பேசக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

அதன்பிறகு சிஸ்டர் வரும் நாளில் அவருக்குப் பேசத் தெம்பில்லை. ஏதோ சொல்ல வாயெடுப்பார், நான் தண்ணீர் புகட்டுவேன். ஆனால் என்னிடம் மட்டும் பிரியமாகப் பேசக் கற்றுக்கொண்டார். நீ அழகா இருந்த, உன்னை மாதிரி ஒருத்தி யாருக்கும் அமையமாட்டா, உன்னை ஒருநாளாவது பினாங்கு கூட்டிட்டுப் போயிருக்கணும். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு என் கையைப் பார்ப்பார். சிலநாள் மருந்து கொடுத்தேன். சிலநாள் கொடுக்கவில்லை. எப்போது கொடுப்பேன் என்று அவருக்குத் தெரியாததால் தினமும் சொன்னார்.

அடக்கம் முடிந்த பிறகு மிச்ச மருந்தைத் திரும்ப வாங்கிப்போக சிஸ்டர் வந்தாள். அப்படித்தான் முறையாம். அலமாரியைத் திறந்தவள், சீல் உடைக்காத புட்டிகளைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

கடைசி நாளைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். வெயில் அடித்தது. காலையிலிருந்து உடம்பை முறுக்கிக்கொண்டு கிடந்தார், விரிப்பைக் கிழித்துவிட்டார். மருந்தை அளந்து சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அன்று உண்மையான மருந்துதான், நம்புங்கள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலே இல்லை. காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

"நீதான் எனக்கு எல்லாம், கியோக் சூ. எனக்கு வேற யாருமே இல்ல. இப்ப குடு."

நான் கொடுக்கவில்லை. அப்படி ஒரு வார்த்தை சொன்னவரை உடனே எப்படித் தூங்கவைப்பது? இன்னொருமுறை சொல்லட்டும் என்று மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லவில்லை. மாலைவரை அவருக்கு உயிர் இருந்தது. மருந்து என் கையிலேயே இருந்தது.

அப்பா அதையெல்லாம் மருந்துக்காகத்தான் சொன்னார் என்கிறாள் பெய் ஷான். என் முகத்தைப் பார்த்தே சொல்கிறாள். அவள் சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும். சாகப்போகிற மனிதர் எதற்காகப் பொய் சொல்லப்போகிறார், இன்ஸ்பெக்டர்?