இரண்டு கிண்ணங்கள்

மீன் கொத்துகிற கத்தி கனமாக இருக்க வேண்டும். இலேசான கத்தி சதையை நசுக்கிவிடும், நசுங்கிய சதையில் எலுமிச்சைச் சாறு சரியாக இறங்காது. 'சீ' என்கிற ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் கல்யாணமோ கருமாதியோ, 'கொய்' என்கிற பச்சை மீன் பதார்த்தம் செய்ய நாற்பது வருடமாக என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

உங்கள் சுகாதாரக் கணக்கெடுப்புக் காகிதத்தில் 'பச்சை மீன் சாப்பிடுவீர்களா, எத்தனை வருடமாக' என்று இருக்கிறது. காகிதம் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நான் நம்புவதில்லை, அம்மா. நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனால் நீங்கள் என் மருமகன் எப்படிப் போனான் என்று கேட்கிறீர்கள். அதனால் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

விராட் பாங்காக் பக்கத்துப் பையன். நெல் லாரி ஓட்டிக்கொண்டு வந்தவன், என் மகள் லம்துவானைக் கட்டி, எங்கள் வழக்கப்படி எங்கள் வீட்டுக்கே குடிவந்தான். மறுநாளே அவனுக்காகக் கொய் செய்தேன். சின்னக் கெண்டையைச் செதில் தட்டி, பொடியாகக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய், வறுத்த அரிசிப் பொடி, ஒரு கை முசுறு எறும்பு. அடுப்புக்கு வேலையில்லை. எங்களுக்கு ஒரே கிண்ணம்தான், ஆம்பிளைகள் எல்லோரும் அதிலேயே கை வைப்போம். அவன் சோற்றை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கிண்ணத்தையே பார்த்தான்.

"கொஞ்சம் வதக்கிக்கலாமாப்பா?" என்றான்.

பக்கத்து வீட்டுத் தோங்சுக், குடித்த சாராயம் மூக்கில் ஏறச் சிரித்தான். "வதக்கித் திங்கறது பிள்ளைத்தாச்சிங்கடா மாப்ளே. உனக்கு எத்தனாவது மாசம்?"

"விடுறா. பாங்காக்காரனுக்குப் பச்சை மீனைப் பார்த்தா ஜுரம் வந்துரும். பாட்டில்ல பால் ஊத்திக் குடு" என்றேன் நான்.

வாயில் போட்டுக்கொண்டான். கண் கலங்கியது. ஆறு மாதத்தில் அவனே கேட்டு வாங்கித் தின்றான். ஊரில் அவனைப் பாங்காக்காரன் என்று கூப்பிடுவது நின்றது. அதில் அவனுக்கு இருந்த பெருமை, சொன்னால் உங்களுக்குப் புரியாது.

மூன்றாம் வருடம் சுகாதார நிலையத்தில் சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு கண்ணாடிக் கருவி கொண்டுவந்து வைத்தார்கள். மீனுக்குள் புழு இருக்கிறது, ஈரலில் போய்க் குடியேறும், வருடக்கணக்கில் இருந்து புற்று வைக்கும் என்றார்கள். அவர்கள் காட்டிய கடை மீனில் அவர்களே எதையோ போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பொய்யை உடைக்க என் குளத்து மீனை, காலையில் பிடித்ததை, வாளியோடு கொண்டுபோனேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அங்கே வேலை பார்க்கிற நித் என்ற பெண் மட்டும் இருந்தாள். கடுகளவு சதையைக் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே நசுக்கி வைத்தாள்.

பார்த்தேன். முட்டை மாதிரி ஒரு கூடு. உள்ளே ஒன்று மடங்கிப் படுத்திருந்தது. புரண்டது. எலுமிச்சை பிழியச் சொன்னேன். பிழிந்தாள். சதை வெந்தது போல வெளுத்தது. அது புரண்டுகொண்டேதான் இருந்தது.

"தெரியுதா தாத்தா?"

"கண்ணு மங்கல்மா. ஒண்ணும் தெரியல."

அன்றிலிருந்து நான் பச்சை மீன் தின்னவில்லை. வயிற்றுப் புண், காரம் ஆகாது என்று சொல்லி எனக்குத் தனிக் கிண்ணம் வைத்துக்கொண்டேன். என் பங்கு மீனை மட்டும் கொதிநீரில் வேகவிட்டு எடுத்து, பிறகு எலுமிச்சை பிழிவேன். இரண்டும் ஒரே வெள்ளையாகத்தான் இருக்கும். பார்த்தால் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று உங்கள் முகம் கேட்கிறது. சொன்னால் நான் எதற்கு நிறுத்தினேன் என்றும் சொல்ல வேண்டும். கண்ணாடியில் எட்டிப் பார்த்துக் கிழவன் பயந்துவிட்டான் என்று தோங்சுக் ஊரெல்லாம் பாடியிருப்பான். தோங்சுக்கும் இதே நோயில் போய் ஐந்து வருடமாகிறது. அவன் பிறந்ததிலிருந்து தின்றவன், அதை என் தலையில் கட்டாதீர்கள்.

விராட்டுக்கு நான் ஒன்றும் குறை வைக்கவில்லை. வருடாவருடம் நீங்கள் கொடுக்கிற புழு மாத்திரையை என் கையாலேயே தண்ணீரோடு கொடுத்திருக்கிறேன். "உள்ள கழுவியாச்சுப்பா, புதுசா ஆரம்பிப்போம்" என்று சிரிப்பான். அன்று பகலே மீன் கொத்துவேன். புழு செத்தாலும் மறுபடி மறுபடி வந்தால் ஈரல் ஆறாது என்று நித் எனக்கு முதல் வருடமே சொல்லியிருந்தாள்.

போன மழைக்காலத்தில் அவன் கண் மஞ்சளானது. உடம்பெல்லாம் அரிப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, மூடி அனுப்பினார்கள். திண்டில் சாய்ந்துகொண்டு கொய் வேண்டும் என்றான். எனக்கு மனது கேட்கவில்லை. முதல் தடவையாக அவன் பங்கையும் வேகவைத்தேன். நிறைய எலுமிச்சை பிழிந்தேன்.

ஒரு வாய் மென்றான். நிறுத்தினான்.

"இது வெந்தது" என்றான். "மறுபடி என்னைப் பாங்காக்காரனா ஆக்கிட்டீங்களாப்பா?"

"கேட்டதைக் குடுங்களேன்ப்பா" என்றாள் லம்துவான். "இனிமே என்ன ஆகப்போகுது அவருக்கு."

புதிதாக மீன் கொத்தினேன். அந்தக் கத்தியை நான் கடைசியாக எடுத்தது அன்றைக்குத்தான். அவன் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினான்.

"இன்னிக்கு ஒரே கிண்ணத்துல திம்போம்ப்பா. ஒரு வாய் போதும்."

என் கை சோற்றை உருட்டியது. கிண்ணம் வரைக்கும் போனது.

"வயித்துப் புண்ணுடா மாப்ளே" என்றேன்.

அவன் தலையாட்டினான். "உடம்பைப் பாத்துக்குங்க" என்றான். பன்னிரண்டாம் நாள் போய்விட்டான்.

லம்துவானுக்கு இதெல்லாம் தெரியாது. சொல்வதானால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், நீங்கள் படித்தவர்கள். அவனை நான் என் சொந்த மகனாகத்தான் வைத்திருந்தேன், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

காகிதத்தில் என் பெயருக்கு நேரே எழுதிக்கொள்ளுங்கள்: பச்சை மீனை நான் வாயில் வைத்துப் பதினோரு வருடமாகிறது.