அளவுகோல் அரம் போட்ட செயின்

மரம் அறுக்கும் பழைய செயின் சா ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதைக் கழுவ வேண்டும். பெரும்பாலான மெக்கானிக்குகள் அவசரக் குடுக்கைகள், எடுத்த எடுப்பில் ஸ்பானரைப் போட்டுவிடுவார்கள். வெளியே அப்பியிருக்கும் மரத்தூளெல்லாம் அப்போதுதான் என்ஜினுக்குள் போகும். நான் மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். நேற்று நீங்கள் பார்த்த மெஷினைக் கழுவ மட்டும் எனக்கு இரண்டு மதியம் பிடித்தது.

அந்த மெஷின் விபத்தன்று எந்த நிலையில் இருந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி இந்தத் தாளை வைத்துவிட்டுப் போனீர்கள், ஐயா. நல்ல நிலையில் இருந்தது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் உங்களுக்கும் அலைச்சல் மிச்சம். அளவுகோல் என்று நாங்கள் கூப்பிடும் தம்பி தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து, அண்ணன் செத்ததற்குத் தான்தான் காரணம் என்று சொல்லிவிட்டு உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். மெஷினில் வேறு கோளாறு இல்லை என்று நான் எழுதிவிட்டால் அவன் சொன்னது உறுதியாகிவிடும், ஜெயிலுக்குப் போய்விடுவான். ஆனால் ஒரு மெஷினைப் பற்றி ஒரு வரியில் எழுத எனக்கு வராது. திருகாணி திருகாணியாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவனுடைய நிஜப் பெயர் உங்கள் பதிவில் இருக்கும். எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதையும் அளந்துதான் செய்வான். மரம் விழப்போகும் இடத்தை டேப் பிடித்து ஒரு முறைக்கு இரு முறை அளப்பான். டீ கிளாஸைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பான், டீக்கடைக்காரர் "டேப்பையும் எடுத்துக்கோப்பா" என்பார். அவன் அண்ணன் நேர்மாறு. கண் பார்வையிலேயே கிளை எங்கே விழும் என்று சொல்லிவிடும் மனிதர். இரண்டு பேரும் சேர்ந்துதான் மரம் வெட்டும் தொழில் செய்தார்கள். அண்ணன் ஏறி அறுப்பார். தம்பி கீழே நின்று கயிறு பிடிப்பான், காலையில் கிளம்புமுன் பல் கூராக செயினுக்கு அரம் போடுவான். இருந்தது ஒரே மெஷின், அதுவும் யாரோ ஓட்டித் தேய்த்தபின் வாங்கியது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், ஒரு கிடங்குக் கூரைமேல் சாய்ந்திருந்த மரத்தை அறுக்கும்போது மெஷின் உதைத்தது. செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டைப் பார் என்போம், அதன் நுனி எதிலாவது இடித்தால் மெஷின் மொத்தமாக எகிறி, அறுப்பவரின் முகத்துக்கு வரும். அதைத்தான் நாங்கள் உதைப்பது என்போம். அன்று செயின் ஓடிக்கொண்டே வந்து அண்ணன் கழுத்தில் பட்டது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன்பே முடிந்துவிட்டது. அப்போது விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து அளவுகோல் மெஷினைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தான். துடைக்கக்கூட இல்லை. மரத்தூளோடு ரத்தம் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. அவன் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"வீட்ல வைக்க முடியலண்ணே. அண்ணி இதையே பாத்துட்டு நிக்கிறாங்க. ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அன்னிக்குக் காலையில நான்தான் அரம் போட்டேன். கூடுதலா போட்டுட்டனா?"

அவன் கேட்டதில் அர்த்தம் இருந்தது. செயினில் ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கு முன்னாலும் ஒரு குட்டிப் பல் உண்டு. வெட்டும் பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும். அதை அளவுக்கு மீறி அராவிவிட்டால் செயின் வெறிபிடித்த மாதிரிக் கடிக்கும், மெஷின் உதைப்பதும் அதிகமாகும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அளவுத் தகட்டை ஒவ்வொரு பல்லிலும் வைத்துப் பார்த்தேன். முப்பத்தாறு பல்.

"கொஞ்சம் கூடுதல்தாம்ப்பா" என்றேன்.

அவன் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினான், ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை இன்னொருவர் சொல்லக் கேட்டவன் போல. நான் அவன் தோளில் கைவைத்து, இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்கு உடம்பு கூசியது. அதற்குப் பிறகு அவன் அரத்தைத் தொடவில்லை. வேறு வேலையும் தெரியாது. நீ எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே இரு என்று கடையில் சேர்த்துக்கொண்டேன். கடை திறப்பது, கூட்டுவது, பாகங்களைக் கழுவுவது, எல்லாம் அவன்தான். கூடப் பிறந்தவன்கூட இப்படித் தாங்க மாட்டான் என்று தெருவில் என்னைப் பற்றிப் பேசினார்கள். நானும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

மெஷினைத் தூக்கிப் போட அவனுக்கும் மனசில்லை, எனக்கும் மனசில்லை. அதைப் புதுசாக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மதியம் அவன் சாப்பிட வீட்டுக்குப் போகும் நேரமாகப் பார்த்து, கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு வேலை செய்வேன். ஆறு மாதம் ஆயிற்று. சிலிண்டருக்குள் கோடு விழுந்திருந்தது, பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்றை விட்டுக்கொண்டிருந்தது, இரண்டையும் மாற்றினேன். கார்புரேட்டரில் ரப்பர் சவ்வு அப்பளமாக விறைத்துப் போயிருந்தது. பெட்ரோல் குழாய் விரிசல். சைலன்சரின் வாயைக் கொஞ்சம் அகலமாக்கினேன், என்ஜின் தாராளமாக மூச்சு விட ஆரம்பித்தது. பழைய பார் வளைந்திருந்தது, ஒரு சாண் நீளம் கூடின பார் போட்டேன். ஒரு நாள் என் மனைவி டீ கொண்டுவந்தவள், பெற்ற பிள்ளையைக்கூட இவ்வளவு அக்கறையாக நான் குளிப்பாட்டி விட்டதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அது உண்மை. அந்த வேலை நேரத்தில் மட்டும்தான் எனக்கு நெஞ்சு படபடக்காமல் இருந்தது. மாற்றிய ஒவ்வொன்றும் நிஜமாகவே மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்தது, அதில் நான் பொய் எழுதவில்லை.

செயின் மட்டும் அப்படியில்லை. அது வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத செயின். பாருக்குப் பொருந்தவில்லை என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கண்ணி கண்ணியாக ரிவெட் எடுத்து, பழைய இரும்பு மூட்டையின் அடியில் போட்டு, அந்த வாரமே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். அந்த முப்பத்தாறு பல்லில் ஒன்றுகூட அளவு தப்பவில்லை, ஐயா. ஒரு முடி அகலம்கூடக் கூடுதல் இல்லை. இருபத்தைந்து வருஷத் தொழிலில் அவ்வளவு சுத்தமாக அரம் போட்ட செயினை நான் பார்த்ததே இல்லை.

இனி பிரேக்கைச் சொல்லிவிடுகிறேன். முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கிறதல்லவா. மெஷின் உதைக்கும்போது இடது மணிக்கட்டு அதில் மோதும், தடுப்பு முன்னால் சாயும், உள்ளே ஒரு ஸ்பிரிங் சுண்டி இரும்புப் பட்டையை இறுக்கும். கண் இமைப்பதற்குள் செயின் நின்றுவிடும். நேற்று நீங்கள் சும்மா தள்ளிப் பார்த்து, அது படக்கென்று அடித்ததும் கையை இழுத்துக்கொண்டீர்கள். அன்றைக்கும் இது இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது என்றேன். தடுப்பு இருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய ஸ்பிரிங் இல்லை. இப்போது உள்ளே இருப்பது பிறகு நான் மாட்டியது.

விபத்துக்கு இரண்டு வாரம் முன்னால், பிரேக் தானாகவே பிடித்துக்கொள்கிறது என்று அண்ணனும் தம்பியும் மெஷினை என்னிடம் கொண்டுவந்தார்கள். பிரித்துப் பார்த்தால் ஸ்பிரிங் உடைந்து துண்டு சிக்கியிருந்தது. என்னிடம் மாற்று இல்லை, வெளியிலிருந்து வர வேண்டும். மறுநாள் அவர்களுக்கு வேலை இருந்தது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மூடினேன். தடுப்பு தொளதொளவென்று ஆடியது. ஆடாமல் இருக்க ஒரு ரப்பர் வாஷரை வெட்டிச் சொருகினேன். தொட்டால் இறுக்கமாக, சரியாக இருப்பது போலவே இருந்தது. ஸ்பிரிங் வரும்வரை தற்காலிகம், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இதை அவர்களிடம் சொன்னேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். வாய் வார்த்தையாகவாவது சொல்லியிருப்பேன் என்று. இப்போது எழுத உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன், சொல்லவில்லை. அண்ணன்தான் கேட்டார், பிரேக் சரியாகிவிட்டதா என்று. "இனிமே தொல்லை பண்ணாது" என்றேன். தம்பி மெஷினை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். நான் அவனிடம் விளையாட்டாக, நீ அளந்து பார்க்க மாட்டாயா என்று கேட்டேன். "நீங்க பாத்தா போதும்ணே" என்றான். உலகத்தில் அவன் சரிபார்க்காமல் விட்டது என் கைவேலை ஒன்றைத்தான்.

ஸ்பிரிங் மூன்றாம் நாளே வந்துவிட்டது. விரல் நீளத்துக்கு ஒரு காகிதப் பொட்டலம். அவர்கள் வீடு என் கடையிலிருந்து நாலு வீடு தள்ளி. போய்க் கூப்பிட்டிருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் கூப்பிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். பிரேக் இல்லாத மெஷினைச் சரியாகிவிட்டது என்று கொடுத்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கைராசிக்காரன் என்று பெயர் எடுத்தவனுக்கு அது லேசில் வராது. எப்படியும் ஏதாவது வேலையாக வருவார்கள், பேச்சோடு பேச்சாக மாட்டி அனுப்பிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். அண்ணன் தினமும் காலையில் கடையைத் தாண்டும்போது கையைத் தூக்கிக் காட்டுவார். ஒரு நாள் அவரைப் பார்த்ததும் டிராயரைத் திறந்துவிட்டேன். பொட்டலம் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நான் முழங்காலால் டிராயரை மூடினேன். அதற்குப் பிறகு நாலாம் நாள் அவர் இறந்தார்.

தம்பி சாக்கைப் பிரித்து அந்தக் கேள்வியைக் கேட்டபோதும் பொட்டலம் அதே டிராயரில்தான் இருந்தது. செயின் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அடுத்து என்ன கேட்டிருப்பான்? அப்படியானால் பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டிருப்பான். அவன் குணம் அப்படி. அதனால்தான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். சொன்ன நிமிஷமே வெட்கமாக இருந்தது. அவனைக் கடையில் வைத்துக்கொண்டதும் மனசு கேட்காமல்தான். அவன் வேறு எந்த மெக்கானிக்கிடமும் போய்க் கேட்காமல் இருக்க அது வசதியாகவும் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

இப்படியே ஓடியிருக்கும். முந்தாநாள் அவன் கூட்டுமாற்றைக் கீழே வைத்துவிட்டு வந்து, அண்ணியிடம் சொல்லப் போகிறேன் என்றான். அண்ணி கையால் தினமும் சாப்பிடுவது தொண்டையில் இறங்கவில்லையாம். தான் மட்டும் சொன்னால் ஏதோ துக்கத்தில் உளறுகிறான் என்று அவர் சமாதானம் செய்துவிடுவார், நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டான். போகாமல் இருந்திருக்கலாம். காய்ச்சல் என்றாவது சொல்லியிருக்கலாம். போனேன்.

சின்ன வீடு. தையல் மெஷின் ஓரமாக, அதன்மேல் பாதி தைத்த சட்டை. இறந்தவரின் மகள், ஏழு வயது இருக்கும், சித்தப்பா மடியில் உட்கார்ந்து அவன் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், அரம், பல், கூடுதல் எல்லாம். அந்த அம்மா நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க மெஷினைப் பாத்தவரு. இவன் சொல்றது நெசமா?"

என் நாக்கு நுனியில் உண்மை வந்து நின்றது, அதை மறைக்க மாட்டேன். மாற்றிச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்தக் குழந்தையும் என்னைப் பார்த்தது. நான், "ஆமாம்மா, கொஞ்சம் கூடுதலா போட்டிருந்தான்" என்றேன்.

அவர் "பாப்பா, இங்க வா" என்று மட்டும் சொன்னார். குழந்தை புரியாமல் சித்தப்பா முகத்தைப் பார்த்தது, இரண்டாம் தடவை கூப்பிட்டதும் மடியிலிருந்து இறங்கிப் போனது. இனிமேல் அவன் இந்த வீட்டில் தங்க வேண்டாம் என்றார். அவன் டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுந்தான். திரும்பி வரும்போது இப்போதுதான் மூச்சு விட முடிகிறது என்று எனக்கு நன்றி சொன்னான். மறுநாள் காலை கடையைத் திறந்து, கூட்டி, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு உங்களிடம் வந்திருக்கிறான்.

நேற்று நீங்கள் மெஷினைத் தடவிப் பார்த்து, இவ்வளவு நல்ல மெஷினை வைத்துக்கொண்டு இப்படிப் பண்ணிவிட்டானே என்று சொன்னீர்கள். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். அன்றைக்கு அந்த மெஷினில் பிரேக் இல்லை. எடுத்தது நான். எடுத்தது தெரியாமல் வாஷர் வைத்ததும் நான். தம்பியின் வேலையில் தப்பில்லை என்று தெரிந்தே, அவனிடம் ஒரு தடவையும் அவன் அண்ணியிடம் ஒரு தடவையும் தப்பு என்று சொன்னவன் நான். அந்த மனிதரைக் கொன்றது என் கை. கேஸை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், ஐயா. அவனை வெளியே அனுப்பும்போது காரணத்தைச் சொல்லாதீர்கள். சாட்சி போதவில்லை, சட்டத்தில் இடமில்லை, இப்படி எதையாவது சொல்லிக்கொள்ளுங்கள். தன் தப்புதான் என்று நம்பி ஒன்றரை வருஷமாகப் பழகிவிட்டான், இப்போது போய் உண்மையைச் சொன்னால் தாங்க மாட்டான். இத்தனை நாளும் கூடவே வைத்துப் பார்த்துக்கொண்டவன் சொல்கிறேன், அவனுக்கு எது நல்லது என்று எனக்குத்தான் தெரியும்.