சாரலை நம்பிப் போட்ட உரம்

"என் வாழைக்குப் போட்ட யூரியாவை உங்க குளமுல்ல தின்னுருச்சு, பாய்!"

கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த வாழை விவசாயி இப்படிச் சொன்னார். பக்கத்தில் இருந்த பாய், அவர் தோட்டத்துக்குக் கீழே உள்ள குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்தவர். காது கொடுக்காமல் இருக்க முடியுமா?

"தின்னதோட விட்டுச்சா? தண்ணி பூராம் பாசி புடிச்சு, மீனெல்லாம் மூச்சு முட்டி மெதந்துச்சுல்ல அண்ணே."

"ஆனி ஆடிச் சாரல்ல போட்டா உரம் பதமா எறங்கும்னு எங்கய்யா காலத்துலருந்து போடுறோம். இப்பச் சாரலா வருது? அண்டாவக் கவுத்த மாதிரில ஊத்துது. அம்புட்டும் வாய்க்கால்ல போயிருது."

"மொத்தமாப் போடாதீக, பிரிச்சுப் போடுங்கன்னு விவசாய ஆபீசர் சொன்னாகள்ல?"

"சொன்னாக. ரெண்டு தடவ ஆள் விடணுமேன்னு நாந்தேன் கேக்கல."

"சரி, போகட்டும். நேத்துதேன் புதுசாக் குஞ்சு விட்டிருக்கேன். இதாச்சும் பொழைக்கட்டும்."

 ஜன்னலுக்கு வெளியே குமுளி மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. "நல்ல மழை இருக்கு" என்று பின்னால் யாரோ சந்தோஷப்பட்டார்கள்.

"பாய்..." விவசாயியின் குரல் இறங்கிவிட்டது. "வெறும் மேக மப்புதேன், மழை வராதுன்னு நெனச்சு, காலையில மறுபடியும் உரத்த மொத்தமா வீசிட்டு வந்துட்டேன்."

பாய் திட்டவில்லை. எழுந்து நின்றார்.

"கண்டக்டர், நிப்பாட்டுங்க! வாங்கண்ணே, மம்பட்டி தோட்டத்துலதான இருக்கு? வாய்க்காலை அடைச்சுப் பாப்போம்."

இருவரும் இறங்கி, எதிரே வந்த கம்பம் பஸ்ஸுக்குக் கை காட்டினார்கள். அது நிற்பதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது.