பெரியவளோட கயிறு

உக்காருங்க தம்பி. அந்தத் தார்ப்பாய் மேட்டு மேலயே உக்காருங்க, இங்க நாற்காலின்னு எதுவும் கிடையாது. பதினெட்டு மாடி ஏறி வந்திருக்கீங்க, மூச்சு வாங்குது பாருங்க. மொதல்ல தண்ணியக் குடிங்க. உத்தரவு எங்கயும் ஓடிப்போயிடாது.

படிச்சுக் காட்ட வேணாம். என்ன எழுதியிருக்கும்னு தெரியும். பெரியவளுக்கு வயசாயிடுச்சு, தண்ணி கொண்டு வர்றதில்ல, தின்னுறது மட்டும் கொறையல, அதனால நாளைக்கு அறுத்து வீட்டுக்கு வீடு பங்கு போட்டுக்கலாம். அதான? ஊர்க் குழு கூடிப் பேசுச்சாக்கும். அந்தக் குழுவுல ஒருத்தராவது இங்க ஏறி வந்து அவ ரெக்கையத் தொட்டிருக்காங்களா?

நீங்களும் பக்கத்துல பார்த்ததில்லையா? கீழேர்ந்து நெழல மட்டும். சரிதான்.

அப்ப கேட்டுக்கங்க. உலகம் எரிஞ்சு அடங்கின பெறகு மழை தரைக்கு வர்றத நிறுத்திடுச்சு. உங்க வயசுக்கு நனைஞ்சிருக்கவே மாட்டீங்க. மேகம் இருக்கு, ஒசரத்துல. இறங்காது. அப்பதான் இவ எங்கேர்ந்தோ பறந்து வந்து இந்த மொட்டை மாடியில உக்காந்தா. ரெக்கைய விரிச்சா ரெண்டு தெருவுக்கு வெயில் போயிடும். எல்லாரும் அலறி ஓடுனாங்க. நான் ஓடல. தைரியம்லாம் இல்ல, கால் வரல, அவ்ளோதான். அவ மேலேர்ந்து தண்ணி சொட்டுச்சு. நாக்கை நீட்டிக் குடிச்சேன். அன்னையிலேர்ந்து இதுதான் என் பொழப்பு. அவ மேகத்துக்குள்ள புகுந்து நனைஞ்சு வருவா, நாங்க ஆறு பேர் பலகையால ரெக்கைய வழிச்சுத் தொட்டியில விடுவோம். ஊரே குடிக்கிறது அதத்தான். பதிலுக்கு அவளுக்குப் பழைய டயர். கொட்டாவி விட்டான்னா மாடி பூரா ரப்பர் நாத்தம்.

அப்புறம் ஒரு தடவ, போனவ அஞ்சு நாள் வரல. ஊரு பயந்துடுச்சு. வந்ததும் கட்டிப்போட்டாங்க. கட்டுனது வேற யாரு, என் வீட்டுக்காரர்தான். லிஃப்ட் மெக்கானிக். ஆளில்லாத கட்டடத்துல எல்லாம் லிஃப்ட் கயிறை உருவி, ஒண்ணோட ஒண்ணு பூட்டி, மேகத்தத் தொடுற நீளத்துக்கு ஒரே கயிறா ஆக்கி அவ கால்ல மாட்டுனாரு. கெட்டிக்காரர். ஒம்பது நாளா என்கூடப் பேசுறதில்ல. நல்லதுதான், வீடு அமைதியா இருக்கு.

இல்ல தம்பி, வயசெல்லாம் காரணமில்ல. முன்னெல்லாம் அவ பிடரி மடிப்புல கைய விட்டா ஐஸ் இருக்கும். அவ்ளோ ஒசரம் போயிட்டு வந்திருக்கான்னு அர்த்தம். வருசா வருசம் அது கொறஞ்சு, கடைசில வெறும் ஈரம். ஏன்னா மேகம் மேல மேல போயிட்டிருக்கு. கயிறு பதினோரு வருசமா அதே நீளம். மேகத்துக்குக் கீழ நின்னு இழுத்து இழுத்துப் பார்த்துட்டு, காஞ்ச ரெக்கையோட திரும்புவா. கால்ல புண்ணு என் தலை பெருசுக்கு. கயிறை அவுக்கச் சொல்லி குழுவுக்கு மூணு தடவ எழுதிக் குடுத்தேன். ரெக்கை வழிக்கிறவளுக்கு என்ன தெரியும்னு சிரிச்சாங்களாம். அவுத்து விட்டா திரும்ப மாட்டாளாம்.

சட்டம் எனக்கும் தெரியும் தம்பி. கயித்துல கை வச்சா ஊரைவிட்டு வெளிய தள்ளுவாங்க. வெளிய மூணு நாள் தாங்காது.

என்ன, தம்ளரையே பார்க்குறீங்க? பல்லு கூசுதா? கூசும். ஐஸ் தண்ணி. தொட்டிய எட்டிப் பாருங்க, விளிம்பு வரைக்கும் நிக்குது. நேத்து ரொம்புனது.

அவ போயிருக்கா, வர்ற நேரந்தான். கயிறா? நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுக்கு அடியிலதான் சுருண்டு கிடக்கு. இன்னையோட ஒம்பது நாள். வீட்டுக்காரர் ஸ்பேனராலதான் கழட்டினேன். மத்த அஞ்சு பேரையும் எழுதாதீங்க, நான் மட்டும்தான். ஏழு நாள் பாவம், பழைய நீளம் வரைக்கும் போய் அங்கயே நின்னு திரும்பிட்டா, இன்னும் கட்டியிருக்குன்னு நெனச்சு. நேத்துதான் தாண்டிப் போனா. போயிட்டு, வந்தா.

எழுதிக்கங்க, தாராளமா. அடடே, வெயில் போயிடுச்சு. எந்திரிக்காதீங்க, காத்து தள்ளிடும். அவ உக்காந்ததும் அந்த மூலையில இருக்கிற பலகைய எடுங்க. இவ்ளோ தூரம் ஏறி வந்துட்டீங்க, ஒரு ரெக்கைய வழிச்சுக் குடுத்துட்டுப் போங்க.