நகரசபையில் நாலு நிமிஷம்

— மறுபடி முதல்லேருந்து சொல்லு, ஜெர்வாசியோ. கடைய மூடற இடத்துல குரல் கம்முது.

— கம்மல, லிந்தா. வேணும்னுதான் கம்ம வைக்கறேன். அந்த இடத்துல நகரசபையே கண்ணக் கசக்கணும்.

— சாயந்திரக் கூட்டத்துல அவங்க கண்ணக் கசக்கறது தூக்கத்துல. சரி சரி, சொல்லு. நான் கடிகாரம் பாக்கறேன்.

— கேட்டுக்கோ. "மதிப்புக்குரிய மேயர் அவர்களே, உறுப்பினர்களே! என் பேரு ஜெர்வாசியோ ஆவிலா. முப்பத்தோரு வருஷமா இந்த ஊருக்கு ரொட்டி சுடறவன். கூலிய ஏத்தாதீங்கன்னு சொல்ல நான் வரல. ஏத்துங்க! மணிக்கு இருபது டாலர் குடுக்க இன்னும் ஒன்றரை வருஷம் இருக்குன்னு நீங்களே தேதி குறிச்சிருக்கீங்க. அந்தத் தேதியில ஏத்துங்க. அத இழுத்துப் புடிச்சு இந்த ஜூலைலயே கொண்டு வந்தீங்கன்னா, கிறிஸ்துமஸுக்கு என் அடுப்புல நெருப்பு இருக்காது. கடைய மூடிட்டு நானும் என் சம்சாரமும் நடுத்தெருவுல நிப்போம்..."

— நடுத்தெருவுல நீ நில்லு. என்னை எதுக்கு இழுக்கற?

— அப்பதான் உருக்கமா இருக்கும். எவ்வளவு ஆச்சு?

— ரெண்டு நிமிஷம் தாண்டியாச்சு. ஆளுக்கு அவ்வளவுதான் குடுப்பாங்க. நடுநடுவுல மூச்சு விட்டு, பாவனை பண்ணி. உங்கப்பா அசோர்ஸ் தீவுலேருந்து கப்பல் ஏறின கதைக்கே நீ இன்னும் வரல.

— அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன். நீயும் பேசறவங்க சீட்டு ஒண்ணு எழுதிக் குடு. உன் பேரக் கூப்பிட்டதும், "என் நேரத்த என் வீட்டுக்காரருக்குக் குடுக்கறேன்"னு சொல்லிடு. நாலு நிமிஷம் ஆயிடும். எல்லாரும் பண்றதுதான்.

— ஆக, சீட்டுக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்க. நான் என்னமோ என் அழகுக்குன்னு நெனச்சு உதட்டுச் சாயம்லாம் பூசிட்டு வந்தேன்.

— அதுவும் நல்லாத்தான் இருக்கு. சும்மா சொல்லல, லிந்தா, இன்னிக்கு இந்த ஊரோட கூலி என் நாக்குல நிக்குது. சபையில ரெண்டு பேரு இப்பவே ஏத்தணும்ங்கறாங்க, ரெண்டு பேரு கூடாதுங்கறாங்க. நடுவுல நிக்கறது ஹாலொரன் அம்மா ஒருத்திதான். நேத்து ரொட்டி வாங்க வந்தப்ப என்ன சொன்னா?

— "ஜெர்வாசியோ, நீங்க பேசறதக் கேட்டுட்டுத்தான் கையத் தூக்குவேன்"னா. நானும் கல்லாவுலதான் நின்னுட்டிருந்தேன்.

— கடைக்காரங்க சங்கம் மொத்தமும் என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கு. ஏன்?

— உனக்குத்தான் மைக்கு தேவையில்லன்னு.

— என் கடையப் பாத்து! இந்த ஊருல எந்தக் கடையில ஆளு தங்குது? மாவு பிசையக் கத்துக் குடுத்து முடிக்கறதுக்குள்ள ஏர்போர்ட்டு பக்கத்துக் கிடங்குக்கு ஓடிடறான். நம்ம கடையில புது வருஷத்துலேருந்து ஒருத்தராவது வேலைய விட்டுப் போயிருக்காங்களா?

— இல்ல.

— ஒரு தட்டு கருகிச்சா?

— இல்ல.

— வருஷா வருஷம் பரிசுத்த ஆவி திருவிழாவுக்கு ஊருக்கே இனிப்பு ரொட்டி போடற வாரத்துல எவனாவது ஒருத்தன் காணாமப் போவான். இந்த வருஷம்?

— எல்லாரும் வந்தாங்க. ரொசௌரா தன் தங்கச்சியையும் இழுத்துட்டு வந்தா.

— அது எதனாலங்கற?

— நீயே சொல்லு. கேக்க ஆசையா இருக்கு.

— பாசம்! புது வருஷத்தன்னிக்கு ஆளுக்கு ஒரு பன்னிக்கறி சாசேஜ் குடுத்தேன்ல? என் கையால புகை போட்டது. அடுத்த சம்பள நாளன்னிக்கு என்ன ஆச்சு? வரிசையா வந்து என் கையப் புடிச்சாங்க. அந்த முரட்டுப் பய டொனாசியானோ, "நீங்க பண்ணினத உசிரு இருக்கறவரைக்கும் மறக்க மாட்டேன் முதலாளி"ன்னு கட்டிப் புடிச்சான். ரொசௌரா அழுதா, லிந்தா! பொலபொலன்னு! ஒரு சாசேஜுக்கு! அதத்தான் கடைசியா வெச்சிருக்கேன். "தொழிலாளிக்கு வேண்டியது கூலி இல்ல, உறுப்பினர்களே, பாசம்!"

— ஐயோ சாமி. அத மட்டும் சொல்லிடாத.

— ஏன், அதுதான் உச்சகட்டம்!

— ஜெர்வா, உள்ள போறதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். வண்டியிலேயே உக்காரு.

— என் அண்ணன் கில்பெர்த்தோ மாதிரி மூஞ்சியத் தொங்கப் போடாத. அவன் வேற மாசக்கணக்காப் புலம்பறான், நம்ம கடையில காப்பி விலை ஏறிப் போச்சாம். பத்து வருஷமா அதே விலைதான்டான்னா நம்ப மாட்டேங்கறான். எறங்கு, எறங்கு. எதுன்னாலும் உள்ள போய்ச் சொல்லு. சீட்டுக் குடுக்க நேரமாச்சு.

— வணக்கங்க. பேசறவங்க சீட்ட இங்கதான் குடுக்கணும். செயலாளர் நான்தான். கூலி விஷயமா? அது இன்னிக்கு அஜெண்டாவுல பொருள் ஏழு.

— ஆமாங்க. இந்தாங்க என் சீட்டு. ஆவிலா ரொட்டிக்கடை.

— உங்களத் தெரியாதவங்க உண்டா சார். எதிர்ப்புன்னு குறிச்சிருக்கீங்க, சரி. அம்மா, உங்களுது... டியோலிந்தா ஆவிலா, ஆதரவு. சரி. ரெண்டு பேரும் போய் உக்காருங்க.

— ஆதரவா? லிந்தா, கட்டம் மாத்திக் குறிச்சுட்ட. கண்ணாடியப் போட்டுக்கோன்னு எத்தன தடவ சொல்றது?

— கண்ணாடி போட்டுத்தான் குறிச்சேன்.

— செயலாளர் அம்மா, என் சம்சாரம் அவ நேரத்த எனக்குத்தான் குடுக்கப் போறா. அந்தச் சீட்டக் கொஞ்சம் திருத்திடுங்க.

— அவங்க சீட்ட அவங்கதான் சார் திருத்தணும். உங்க பேருக்கு அடுத்தது அவங்க பேரு. பேசறாங்களா, நேரத்தக் குடுக்கறாங்களான்னு அப்ப நானே கேப்பேன். அடுத்தவங்க வாங்க.

— லிந்தா, இங்க வா. தூணுக்கு இந்தப் பக்கம் வா. என்ன விளையாட்டு இது?

— மொதல்ல அங்க பாரு. கடைசி வரிசை.

— அட! நம்ம பசங்க! ரொசௌரா, டொனாசியானோ, எல்லாரும்! கடைச் சட்டையோட வந்திருக்காங்க! எனக்குக் கைதட்டவா? பாத்தியா, பாசம்னா இதான்...

— கைதட்டத்தான் வந்திருக்காங்க. கூலிய இப்பவே ஏத்தச் சொல்லி நீ பேசப் போறன்னு நெனச்சுட்டு.

— நானா? எவன் கெளப்பிவிட்டான்?

— யாரும் கெளப்பல. ஜனவரிலயே கூலி ஏத்தின முதலாளி வேற என்ன பேசுவாருன்னு நெனச்சிருப்பாங்க.

— எந்த முதலாளி?

— நீதான். மணிக்கு இருபது டாலர். ஜனவரி முதல் சம்பளத்துலேருந்து... ஜெர்வா, உக்காந்துக்கோ. வாய மூடிட்டு மூக்கால மூச்சு விடு.

— நான் ஏத்தலியே, லிந்தா.

— நான் ஏத்தினேன். நீ ஏத்தினதாச் சொன்னேன். ஒரு சாசேஜுக்கு யாராவது அழுவாங்களா, ஜெர்வா?

— என் கடையில... என்னைக் கேக்காம...

— மெதுவாப் பேசு, கூட்டம் நடக்குது. நம்ம கடையில. அடுப்பு உன்னுது, கல்லா என்னுதுன்னு கடை தொறந்த அன்னிக்கே பிரிச்சுக்கிட்டோம்.

— ஏன்டி? எதுக்குடி?

— டிசம்பர்ல ரொசௌரா அடுப்பு முன்னாடி நின்னுட்டே தூங்கிட்டா. ராத்திரி ஒரு இடத்துல வேலை, விடிஞ்சா நம்மகிட்ட. தட்டுல பட்டு கை வெந்து போச்சு. நான் அவ கையத் தண்ணியில புடிச்சுட்டிருக்கேன், "மன்னிச்சுக்கங்கம்மா, ரொட்டி கருகிடுச்சு"ங்கறா. கை வெந்தவ ரொட்டிக்கு மன்னிப்புக் கேக்கறா, ஜெர்வா. எனக்குத் தாங்கல.

— அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.

— சொன்னேன். கூலிய ஏத்தணும்னும் சொன்னேன். "பாக்கலாம்"னு சொன்ன. நீ பாக்கலாம்னு சொன்னா என்ன அர்த்தம்னு உன்கூடக் குடும்பம் நடத்தினவளுக்குத் தெரியாதா?

— அதுக்குப் பணம் எங்கேருந்து வந்துச்சு? கடை மூடியிருக்கணுமே!

— மூடலியே! அதத்தான் சொல்றேன். ஆளு ஓடல, புது ஆளு கத்துக்கறேன்னு மாவ வீணாக்கல, தட்டு கருகல. மிச்சத்துக்குக் காப்பியில கால் டாலர் ஏத்தினேன். உங்கண்ணனத் தவிர ஒருத்தரும் கேக்கல.

— அப்ப கில்பெர்த்தோ சொன்னது நெசமா?

— பாவம், அவனுக்கு ஒரு காப்பி இனாமாக் குடுத்துடு.

— லாபம்?

— கொஞ்சம் கம்மிதான், மறைக்க மாட்டேன். இந்த வருஷம் புது வண்டி வாங்க முடியாது. நடுத்தெருவுலயும் நிக்கல.

— சங்கத்து ஆளுங்க பூரா முன் வரிசையில உக்காந்திருக்காங்க. தன் கடையில என்ன கூலி குடுக்கறாங்கன்னே தெரியாத முதலாளின்னு ஊரு சிரிக்கும். ஆறு மாசமா என்னை முட்டாளாக்கி வெச்சிருந்திருக்க!

— அது தப்புதான். ஒத்துக்கறேன். திருவிழா முடியட்டும், சொல்லிடலாம்னு இருந்தேன். நீயோ எல்லாரும் உன்மேல உசிரா இருக்காங்கன்னு பாட்டுப் பாடிட்டே ரொட்டி சுட்டுட்டிருந்த. அதக் கெடுக்க மனசு வரல.

— அப்ப என் பேர எதுக்குச் சொன்ன? நான் குடுத்தேன்னே சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா உனக்குப் பயந்து வாங்க மாட்டாங்க. அதோட... நீ குடுத்ததா இருக்கணும்னு எனக்கு ஆசை. நான் கட்டிக்கிட்டு வந்த ஆளு குடுத்திருப்பான்.

— போதும். பேசாத.

— இன்னும் ஒண்ணே ஒண்ணு. உன் ரெண்டு நிமிஷம் உன்னுது. கடைய மூடிடுவேன்னு சொல்றதுன்னா தாராளமாச் சொல்லு. ஆனா அடுத்தது என் பேரு. நான் எழுந்து போய், கடைசி வரிசையப் பாத்துட்டே, உள்ளத உள்ளபடி சொல்லிடுவேன்.

— மிரட்டறியா?

— ஆமா.

— பொருள் ஏழு. ஜெர்வாசியோ ஆவிலா அவர்கள் மைக்குக்கு வாங்க. பச்சை விளக்கு எரிஞ்சதும் ஆரம்பிக்கலாம். உங்களுக்கு ரெண்டு நிமிஷம்.

— போ. இரு, காலர்ல மாவு ஒட்டியிருக்கு.

— தொடாத என்னை.

— சார், விளக்கு எரியுது.

— மதிப்புக்குரிய மேயர் அவர்களே, உறுப்பினர்களே. என் பேரு ஜெர்வாசியோ ஆவிலா. முப்பத்தோரு வருஷமா இந்த ஊருக்கு ரொட்டி சுடறவன். கூலிய ஏத்தாதீங்கன்னு சொல்ல நான் வரல. ஏத்துங்க. இருபது டாலருக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்குன்னு நீங்களே தேதி குறிச்சிருக்கீங்க. அந்தத் தேதி...

— சார், கொஞ்சம் மைக்குக் கிட்ட வந்து பேசுங்க. கேக்கல.

— அந்தத் தேதி எனக்குப் புடிக்கல! இப்பக் கேக்குதா? எனக்குப் புடிக்கல! சீட்டுல எதிர்ப்புன்னு குறிச்சேனே, அது அந்தத் தேதிக்கு எதிர்ப்பு! எங்க கடையில ஜனவரிலயே இருபது டாலர் குடுத்தாச்சு. நான் குடுத்தேன். யாரையும் கேக்கல. என் பொண்டாட்டியக்கூடக் கேக்கல. கேட்டிருந்தா கடை மூடிடும்னு பயந்து அழுதிருப்பா, பாவம்.

— ஐயோ சாமி!

— முன் வரிசையில என்னை மொறைக்கறவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். புது வருஷத்துக்கு ஒரு சாசேஜ் குடுத்தாப் போதும், ஆளுங்க உசிர விடுவாங்கன்னு நெனைக்கற முதலாளிங்க இந்த ஊருல இருக்காங்க! வெக்கமா இருக்கு எனக்கு! சாசேஜுக்கு எவனாவது அழுவானா? ஆறு மாசமா எங்கிட்டேருந்து ஒரு ஆளு ஓடல, ஒரு தட்டு கருகல. காப்பியில கால் டாலர் ஏத்தினேன், என் கூடப் பொறந்தவன் ஒருத்தனத் தவிர யாரும் வாயத் தொறக்கல. ஹாலொரன் அம்மா, நேத்து நீங்க வாங்கின ரொட்டி அந்தக் கூலியில சுட்டதுதான். நல்லாருந்துச்சா, இல்லியா? தலைய ஆட்டாதீங்க, கையத் தூக்குங்க! கடைசி வரிசை, கைதட்டாதீங்கப்பா, என் நேரம் போகுது!

— சிவப்பு விளக்கு எரிஞ்சிடுச்சு சார். உங்க நேரம் முடிஞ்சது.

— எங்கப்பா கப்பல் ஏறின கதைக்கே நான் இன்னும் வரலீங்க!

— மன்னிக்கணும் சார், சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அடுத்தது டியோலிந்தா ஆவிலா. அம்மா, நீங்க பேசறீங்களா?

— இல்லீங்க. என் ரெண்டு நிமிஷத்தையும் அவருக்கே குடுத்துடறேன்.