தீவுக்குப் போன திருப்பதிக்காரன்

வெயிலு சார். கடல் வெயிலு. மூக்கு மட்டும் உரியுதேன்னு கேக்கறீங்க, முதுகைப் பாத்தீங்கன்னா பயந்துடுவீங்க. இங்க இல்ல, மலேசியாவுல. லங்காவின்னு ஒரு தீவு கீது. அங்கேர்ந்து போட்டுல போனா இன்னொரு குட்டித் தீவு, தீவு முச்சூடும் ஒரே ரிசார்ட்டு. காலைல போயி சாயங்காலம் திரும்பிடணும், டே டிரிப்பு. ஆமா, தனியாத்தான். ஏன் சார் அப்டிப் பாக்கறீங்க? அங்க இருந்தவங்க அல்லாரும் இதே பார்வைதான் பாத்தாங்க.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, பஸ்ஸு போற வேகத்துல காத்து பட்டா எரியுது. ஆங், போதும்.

நான் டூர் போற ஆளே இல்ல சார். திருப்பதியில வாட்டர் மிசின் ரிப்பேரு, இந்த ஆர்ஓ மிசினு. சொந்த ஊரு சித்தூரு. பொயப்புக்காக திருப்பதி வந்து இருவது வருசம் ஆவுது. சித்தூர்ல இருந்தவரிக்கும் என்னை ஒரு நாயி சீந்தல. ஆதார்ல அட்ரஸ் திருப்பதின்னு மாறுச்சு பாருங்க, அன்னிலேர்ந்து நான் பெரிய மனுசன்.

எப்டின்னா, காலைல பல்லு வெளக்கிகினு இருப்பேன், போன் வரும். சம்பத்து, நல்லா கீறியா? அங்க மழையா? பொண்ணு இன்னா பண்ணுது? நானும் பாசமாத்தான் கேக்கறாங்கன்னு பதில் சொல்லிகினே இருப்பேன். அப்பால ஒரு இழுப்பு இழுப்பாங்க. அப்பறம்ம்ம்... அப்டின்னு. அந்த அப்பறத்துக்குப் பின்னால ஆறு பேரு பிரேக் தரிசனத்துக்கு நிப்பாங்க சார்! கூட்டத்துல நசுங்காம நேரா சாமி எதுர்ல போயி நிக்கணுமாம். அதுக்கு எம்எல்ஏ லெட்டரு வேணும், எம்பி லெட்டரு வேணும். நான் எங்க போவேன்? எங்க எம்எல்ஏ வூட்டு வாட்டர் மிசினைக் கூட வேற கம்பெனிக்காரன்தான் பாக்கறான்.

ஆவாதுன்னு சொல்லிட வேண்டியதுதானேன்னு கேக்கறீங்க. வராது சார். என் வாயில அந்த ஒரு வார்த்தை மட்டும் வராது. பாக்கலாம்னுதான் வரும். எங்க வூட்டுக்காரி சொல்வா, உன் கருமாதி அன்னிக்குக் கூட எவனாச்சும் டிக்கெட் கேட்டா படத்துக்குள்ளேர்ந்து பாக்கலாம்னு சொல்லுவேன்னு.

சரி, தீவுக்கு வரேன். எனக்கு ஒரே பொண்ணு சார், கௌசிகா. ஸ்ரீசிட்டியில செல்போன் கம்பெனில வேலை. எத்தினி வரன் வந்துச்சு! அல்லாத்தையும் வேணாம்னு தட்டிவுட்டுட்ச்சு. கடைசியா அதே கம்பெனில ஒரு ஈரோட்டுப் பையன், பெரியவங்க மூலமாத்தான் வந்த வரன். ஒரு நாளு அந்தப் பையன்கிட்ட போன்ல பேசிகினு இருக்குது, நான் கதவாண்ட நின்னு கேட்டேன். கேக்கக் கூடாதுதான். சிரிக்குது சார்! பெத்து வளத்த எனக்கே அது அப்டி சிரிக்கும்னு தெரியாது. இந்தக் கல்யாணம் நடக்கலன்னா நான் மனுசனே இல்லன்னு அங்கயே நெனச்சேன்.

பையனோட அப்பா விஜயராகவன்னு, தங்கமான மனுசன். நகை வேணாம், வண்டி வேணாம், ரொக்கம் வேணாம். இப்டியும் ஒரு சம்பந்தியான்னு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்ச்சு. அப்பால ஒரு இழுப்பு இழுத்தாரு சார். அப்பறம்ம்ம்... எங்க வூட்டுல பன்னண்டு பேரு வர்றோம், சாமியைக் கிட்ட நின்னு ஆசை தீரப் பாத்துட்டு, மலை மேலயே நிச்சயத்துக்குத் தேதி குறிச்சிடலாம், நீங்கதான் அங்க பெரிய கை ஆச்சேன்னாரு. எந்தப் புரோக்கரு பாவி ஏத்திவுட்டானோ தெரியல. தரிசனம் நடந்தா தேதி, இல்லன்னா கெட்ட சகுனமாம். நான் இன்னா சொல்லியிருப்பேன்? அதேதான். பாக்கலாம் சம்பந்தின்னுட்டேன்.

நாலு எடத்துல அலைஞ்சேன், எவனும் லெட்டரு தரல. அப்ப என் மச்சான் லோகேஸ்வரன் இருக்கானே, அவன் குடுத்த ஐடியாதான் இது. மாமா, நீ ஊர்ல இருந்தாதானே கேப்பாங்க? அந்தத் தேதில நீ வெளிநாட்டுல இரு, கம்பெனி திடீர்னு அனுப்பிட்ச்சுன்னு சொல்லுன்னான். மெட்ராஸ்ல ஒளிஞ்சிகினா போதாதாடான்னேன். மெட்ராஸா? காலைல கெளம்புனா மத்தியானத்துக்குள்ள வந்துடலாமேம்பாங்க, கடலைத் தாண்டணும் மாமா, போட்டோல பின்னாடி கடலு தெரியணும்னான். மலேசியாவுக்கு இப்ப விசா இல்லாமயே வுடறான். போனேன் சார். ஒரு போட்டோவுக்காவ கடலைத் தாண்டிப் போனவன் நான் ஒருத்தன்தான்.

எறங்கனதும் கையில ஒரு பட்டை கட்டி, ஒன் ஒன்லியான்னு கேட்டான். ஜூஸ் குடுத்தவளும் ஒன் ஒன்லி? துண்டு குடுத்தவனும் ஒன் ஒன்லி? செத்த வூட்டுக்கு வந்தவங்க மாதிரி அல்லாரும் ஒரு பரிதாபம். வெள்ளைக்காரங்க வடாம் காயப் போட்டாப்புல வரிசையாப் படுத்துகினு கெடக்காங்க. புஸ்தகம் வச்சிகினு கீறாங்க, ஒருத்தரும் பக்கத்தைத் திருப்பல. நானும் சட்டையைக் கயட்டிட்டு, லைஃப் ஜாக்கெட் மாட்டிகினு, கடல்ல எறங்கனேன். முட்டி வரிக்கும்தான். அங்கயே ரொம்ப நேரம் நின்னேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன் சார். ஒரு தென்னை மரத்தடில போயி சாஞ்சேன் பாருங்க, அப்பா! இருவது வருசத்துல மொதல் தபா யாரும் என்னை ஒண்ணும் கேக்கல. நிம்மதின்னா அதான் நிம்மதி. நல்லாத் தூங்கிட்டேன். நெழலு நகந்து பூட்சு, நான் நகரல. அங்கதான் இந்த முதுகு போச்சு.

கண்ணு முயிச்சா எதுர்ல ஒருத்தன் குடை புடிச்சிகினு நிக்கறான். ரிசார்ட்டு மேனேஜராம், தமிழரசுன்னு பேரு, மூணு தலைமுறையா மலேசியாவுல கீற தமிழ் ஆளு. அண்ணே, எந்த ஊருன்னான். இண்டியான்னேன். இண்டியாவுல எங்க? ஆந்திரா. ஆந்திராவுல எங்க? சித்தூர்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம் சார், அதானே சொந்த ஊரு! பாழாப்போன வாயி, திருப்பதின்னுட்ச்சு.

அந்தாளு செருப்பைக் கயட்டிட்டான் சார். சுடு மணலுல வெறுங்காலோட நின்னு என்னைக் கும்புடறான். அவ்ளோதான், சமையக்காரன் வந்தான், போட்டுக்காரன் வந்தான், துண்டு குடுத்தவன் இன்னொரு துண்டு கொண்டாந்தான். ஒன் ஒன்லி அல்லாம் பூட்சு. கடலைப் பாத்த மாதிரி ஒரு தனிக் குடில்ல உக்கார வச்சு, எம்மாம் பெரிய எறா தெரியுமா, கையளவு, நெய்யில வறுத்துத் துன்னுங்க துன்னுங்கன்னு ஒரே உபசாரம். எங்க தீவு உங்க தீவு மாதிரிண்ணே, எப்ப வேணா வாங்க, யாரை வேணா அனுப்புங்க, ரூமு நான் பாத்துக்கறேன்னான். பக்கத்துல உக்காந்தான். மெதுவா இழுத்தான் சார், அப்பறம்ம்ம்ணே... டிசம்பர்ல குடும்பத்தோட வர்றோம், பதினோரு பேருன்னான்.

சிரிங்க சார், நல்லா சிரிங்க. பாக்கலாம்னேன். எறா வேற வாயில கீது.

போட்டோவும் அவனே எடுத்தான். கடலு, போட்டு, நானு, கூலிங் கிளாஸு. கம்பெனி திடீர்னு அனுப்பிட்ச்சு, திரும்பற தேதி இதுன்னு எயுதி சம்பந்திக்கு அனுப்புனேன். இனிமே அவரே வரலன்னுடுவாரு, தப்பிச்சோம்டா சாமின்னு அடுத்த எறாவை எடுத்தேன். பதிலு வந்துச்சு. சம்பந்தி, நீங்க இல்லாம சாமியைப் பாக்க மனசு வரலை, ரயிலு டிக்கெட்டை மாத்திட்டோம், நீங்க ஊரு வந்து சேந்த மறுநாளு காலைல பன்னண்டு பேரும் திருப்பதியில எறங்கறோம், அவசரமில்லாம நீங்களே கூட நின்னு காட்டுங்கன்னு.

மறுநாளுன்னா நாளைக்கு சார். நாளைக்குக் காலைல!

அதைக் கூடத் தாங்கிடுவேன். பின்னாலயே கௌசிகா மெசேஜ் போட்டுக்குது. நைனா, அவங்க வூட்டுல அல்லாரும் உன்னைப் பத்திதான் பேசிகினு கீறாங்களாம், நீ எனக்காவ எவ்ளோ அலைஞ்சிருக்கே, தேங்க்ஸ் நைனான்னு. என் கூடவே இருக்கற பொண்ணு சார், எனக்கு எவனையும் தெரியாதுன்னு அதுக்குத் தெரியும். அதுவே நம்பிட்ச்சு. கடலைப் பாத்துகினு அழுதேன் சார், வெக்கமில்லாம. மொளகாக் காரம்னு நெனச்சு தமிழரசு தண்ணி கொண்டாந்து குடுத்தான்.

தோ, வடமாலபேட்டை டோல்கேட்டு வந்துட்ச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல திருப்பதி. நல்லா பேசிகினு வந்தோம், நேரம் போனதே தெரியல. உங்க ஊர்ப் பக்கம் மழை உண்டா சார்? பசங்க அல்லாரும் நல்லா கீறாங்களா?

அப்பறம்ம்ம்... சார்.

ஐயோ, எய்ந்துக்காதீங்க, உக்காருங்க. பஸ்ஸுல எத்தினி சீட்டு காலியா கீது பாத்தீங்களா? என் சீட்டு கடைசில, ஜன்னலாண்ட. அதை வுட்டுட்டுதான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். மாதவரத்துல டீக்கடைல நீங்க போன்ல பேசிகினு இருந்தீங்க. எம்மெல்லே காரிதோ சைன் பெட்டிஞ்சேசானுன்னு. எம்எல்ஏகிட்ட கையெயுத்து வாங்கிட்டேன்னு சொன்னீங்களே, அது என் காதுல வுயுந்துட்ச்சு. டீயைப் பாதில வச்சிட்டு உங்க பின்னாலயே ஏறிட்டேன். பன்னண்டு பேரு சார். லெட்டருக்கு ஆறு பேரு, ரெண்டு லெட்டரு போதும். எனக்கோசரம் வேணாம், அந்தப் பொண்ணு சிரிப்புக்கோசரம் சார்.

இன்னா? ஆவுமா? நெசமாவா சார்? மகராசனா இருங்க! உங்க வூட்டு மிசினு ஜென்மத்துக்கும் என் பொறுப்பு.

சொல்லுங்க சார், சும்மா சொல்லுங்க, இன்னா தயக்கம்? அந்தத் தீவா? ரூமா? சங்கராந்தி லீவுக்கா? ஓ... உங்க பொண்ணோட மாமனார் வூட்டுல கேட்டுகினே கீறாங்களா?

அந்த டைம்ல தீவே நெறஞ்சி கெடக்குமே, தமிழரசு இன்னா சொல்வானோ...

பாக்கலாம் சார். எத்தினி பேரு?